ஊருணிக்கரையில் கவுன்சலிங்

நெஞ்சுவலி என்றுதான் முதலில் நினைத்தேன். 2023 ஆவணியில் பங்காளி வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து, இலையில் வெள்ளைப் பணியாரம் வந்து விழுந்த நேரத்தில் கை நடுங்கியது, மூச்சு அடைத்தது. செத்துப்போகப் போகிறேன் என்று அவ்வளவு உறுதியாகத் தோன்றியது. காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஈசிஜி சரியாக இருந்தது, ரத்தப் பரிசோதனையும் சரி. மூன்றாவது முறை இதே மாதிரி போனபோது டியூட்டி டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இது இதயம் இல்லம்மா, பேனிக் அட்டாக். மனநல மருத்துவரைப் பாத்துருங்க."

குரலைத் தாழ்த்தினார் பாருங்கள், அதுதான் எங்கள் ஊர்ப்பக்கம். நாங்கள் நகரத்தார்; எங்களில் ஒன்பது கோயில்காரர்களும் எப்படியோ சுற்றி ஒருவருக்கொருவர் உறவு. காரைக்குடியில் அந்த மாதிரி கிளினிக் பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் தேவகோட்டை வரைக்கும் சேதி போய்விடும். மகளுக்கு வரன் பார்க்கிற வீடு வேறு. இரண்டு மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.

ஒருநாள் ராத்திரி 2 மணிக்குத் தாங்க முடியாமல் 14416-ஐக் கூப்பிட்டேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதற்கு நெட் தேவையில்லை, சாதாரண போன் கால் போதும், இலவசம், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். எடுத்த பெண் தமிழில் பேசினார். பேர் ஊர் எல்லாம் துருவாமல் முதலில் மூச்சைச் சீராக்கச் சொன்னார். அவர் சொல்லித்தான் மதுரைக்குப் போய் ஒரு மனநல மருத்துவரை நேரில் பார்த்தேன். தினம் ஒரு மாத்திரை எழுதினார்; வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள் என்றார். வாராவாரம் பேச்சுச் சிகிச்சைக்குச் சென்னையில் ஒரு ஆலோசகரைக் கைகாட்டினார். அது ஆன்லைனில். இனிமேல்தான் கதையே.

எங்கள் வீடு கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். தாத்தா காலத்து வீடு. சுண்ணாம்புச் சாந்துச் சுவர், ஒரு முழத்துக்கு மேல் தடிமன். சித்திரை வெயிலுக்கு உள்ளே குளுகுளுவென்று இருக்கும். செல்போன் அலையையும் அதே மாதிரி வெளியே நிறுத்திவிடும். அலைவரிசை உயர உயரச் சுவரைத் துளைக்கும் சக்தி குறையுமாம், அதனால் 4ஜி வந்தபிறகு எங்கள் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். முகப்புத் திண்ணையில் சிக்னல் இரண்டு கோடு. வளவில், அதாவது உள்முற்றத்தில், வானம் திறந்திருக்கிற இடத்தில் ஒரு கோடு வந்து வந்து போகும். அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டில் சுத்தமாகச் சிக்னலே இல்லை. ஃபைபர் லைன் எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஆக, சிக்னல் இருக்கிற இடம் தெருவே பார்க்கிற திண்ணை. தனிமை இருக்கிற இடத்தில் சிக்னல் இல்லை.

முதல் சந்திப்பை மொட்டை மாடியில் வைத்துக்கொண்டேன். ஆத்தாவிடம் (அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) "ஆபீஸ் மீட்டிங்" என்று சொல்லிவிட்டேன். 45 நிமிடத்தில் எத்தனை முறை அறுந்தது என்று எண்ணுவதை ஆறோடு விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஆலோசகர் மேடத்தின் முகம் பாதிக் கண் மூடியபடி உறைந்து நிற்கும். நான் என் அப்பச்சி, அதாவது அப்பா, இறந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பேன், அவர் தூங்கிவிழுகிற மாதிரி ஒரு படம். அப்புறம் "ஹலோ, கேக்குதா?" திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டும். அழுகையை முதலிலிருந்து சொல்வது மாதிரி அசிங்கம் வேறில்லை.

இரண்டாவது வாரம்தான் அந்தக் கூத்து நடந்தது. ஆரம்பத்திலேயே ஒரு படிவம் நிரப்பச் சொல்லியிருந்தார்கள்: இப்போது எந்த இடத்தில் இருக்கிறீர்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம். ஏதோ சம்பிரதாயம் என்று பள்ளத்தூரில் இருக்கும் பெரியப்பச்சி மகன், எனக்குத் தம்பி, அவனுடைய நம்பரைப் போட்டுவிட்டேன், அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அன்று மேடம் நேராகக் கேட்டார்: "உயிரை விட்டுடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அப்புறம் "எப்பவாவது தோணும், ஆனா செய்யமாட்டேன்" என்றேன். நான் சொன்னதில் அவர் காதுக்குப் போனது "தோணும்" வரைக்கும்தான். அதோடு லைன் போய்விட்டது. அவர் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார், எனக்கு ஒரு மணியும் அடிக்கவில்லை. நான் பாட்டுக்கு நெட் வரும் என்று மாடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

இருபது நிமிடத்தில் தம்பி பைக்கில் வந்து நிற்கிறான். ஒரு கன்னம் மழித்து, மறு கன்னத்தில் சோப்பு காய்ந்திருக்கிறது. அக்காவை ஆச்சி என்பது எங்கள் வழக்கம். "ஆச்சி, யாரோ ஒரு அம்மா போன் பண்ணி, ஒங்க அக்கா வீட்ல நல்லா இருக்காகளான்னு ஒடனே போயிப் பாருங்கன்னாக. வேற ஒண்ணும் சொல்லமாட்டேன்னுட்டாக. என்னாச்சி?"

மேடம் அவனிடம் காரணத்தைச் சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டியது என்று விட்டிருக்கிறார். படியில் உட்கார்த்தி வைத்துச் சொன்னேன். முதல் சந்திப்பைவிட இதுதான் கஷ்டம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கன்னத்தைச் சொறிந்துகொண்டே, "எங்க ஆத்தாவும் இப்படித்தான் இருந்தாக. நாமதான் பேய்னு மந்திரிச்சுக்கிட்டு இருந்தோம்" என்றான். பெரியாத்தாவைப் பற்றி அதற்கு முன்னால் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

இந்த வழியில் போகிறவர்களுக்கு நான் அடித்துச் சொல்வது இதுதான்: அவசர நம்பர் கொடுத்தால் அந்த ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் விடாமல் துரத்துகிற நிலையில் இருந்தால் எங்கள் ஊர் டவரை மாதிரி ஒன்றை நம்பி உட்காராதீர்கள். யாரையாவது கூட்டிக்கொண்டு நேரில் போய்விடுங்கள்.

அதன்பிறகு நானும் மேடமும் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். லைன் அறுந்தால் நான் அடிக்கக் கூடாது, அவர்தான் சாதாரண காலில் அடிப்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடித்து எங்கேஜ்டாக இருந்ததே பாதி நேரம். ஐந்து நிமிடம் கிடைக்காவிட்டால் நான் எஸ்எம்எஸ்ஸில் 'சுகம்' என்று ஒரு சொல் அனுப்ப வேண்டும். முகம் பார்க்க முதல் மூன்று நிமிடம் வீடியோ, அப்புறம் குரல் மட்டும். இரண்டு பேர் வீடியோவில் பேச நொடிக்கு 600 கிலோபிட் வேண்டும் என்றால் குரலுக்கு 100கூட வேண்டாம். வேகம் பார்க்கிற ஆப்பில் பெரிதாகக் காட்டுகிற டவுன்லோடு எண்ணைப் பார்த்து ஏமாந்திருந்தேன். நம் குரல் போவது அப்லோடில், அங்கேதான் எங்கள் ஊர் நொண்டியது. நொண்டாத டவர் உள்ள வேறு கம்பெனி சிம் ஒன்றும் வாங்கிப் போட்டேன். 2020-ல் வந்த தொலைமருத்துவ நெறிமுறையிலேயே குரல் வழி ஆலோசனைக்கு இடம் இருக்கிறது என்று மேடம் சொன்னார், ஆகவே வீடியோ இல்லாவிட்டால் சிகிச்சை இல்லை என்று பயப்பட வேண்டியதில்லை.

குரல் மட்டும் என்று ஆனதும் எனக்கு வாய் திறந்தது. முகத்தைப் பார்த்து நான் சொல்லியிருக்கவே மாட்டேன் சிலதை.

தியான ஆப் ஒன்றையும் முயன்றேன். "மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நான் பிடித்த மூச்சோடு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மேடமே நான்கு எண்ணி இழுக்கிற, ஆறு எண்ணி விடுகிற பயிற்சியை ஒரு நிமிடக் குரல்பதிவாக அனுப்பினார். ஒருமுறை இறங்கிவிட்டால் போதும், அதற்கப்புறம் டவரே வேண்டாம்.

வீட்டுப்பாடம் நோட்டில். மூன்று பத்தி: நடந்தது, மனசு சொன்னது, வேறு என்னவாக இருக்கலாம். எனக்கு எழுத விஷயம் தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்த நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது. நடந்தது: பேசும்போதே லைன் கட். மனசு சொன்னது: நான் திரும்பத் திரும்ப அழுவது மேடத்துக்குச் சலித்துவிட்டது, அவரே வைத்துவிட்டார். வேறு என்னவாக இருக்கலாம்: இன்று எங்கள் துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்தே கரண்ட் இல்லை, பேப்பரில்கூடப் போட்டிருந்தது, டவர் பேட்டரி தீர்ந்திருக்கும். இதை மேடத்திடம் படித்துக்காட்டும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்தில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டால்கூட நான் இப்படித்தான் நினைத்திருக்கிறேன், அங்கே பேட்டரியைச் சொல்ல ஆளில்லை.

இடம் மட்டும் கடைசியில்தான் அமைந்தது. மாடியில் நான் பேசுவது வளவு வழியாகக் கீழே இறங்கி, "ஏன் ஆத்தா, அழுகுற மாதிரி கேட்டுச்சே?" என்று ஆத்தா கேட்டாக. தம்பிதான் ஊருணிக்கரையைச் சொன்னான். வெட்டவெளி, டவர் நேராகத் தெரிகிறது, நாலு கோடும் நிற்கும். காலை 7 மணிக்குத் தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் போனபிறகு, நடைப்பயிற்சி என்று கிளம்பிவிடுவேன். வயர் வைத்த இயர்போன், காற்றுச் சத்தம் போகாமல் இருக்க மைக்கில் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்வேன். படித்துறையில் மூன்றாம் படி என் இடம்.

அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு வருகிற ஒரு அக்கா. நான் ஒருநாள் நன்றாக அழுது முடித்திருந்த நேரம், எதிரே வந்து நின்றார். "என்ன ஆச்சி, சாவுச் சேதியா?"

வேறு என்ன சொல்வது? "ஆமாக்கா."

"யாரு?"

"தூரத்துச் சொந்தம். சிங்கப்பூர்ல." வாயில் வந்தது.

"அடப்பாவமே" என்று என் பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். மேடம் இன்னும் லைனில்தான் இருந்தார், எல்லாம் கேட்டுக்கொண்டு. அடுத்த வாரம் மேடம் முதல் கேள்வியாக, "சிங்கப்பூர்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார்.

அந்த அக்காவும் விடவில்லை. வாராவாரம் ஆட்டைக் கரையில் விட்டுவிட்டுத் துக்கம் விசாரிப்பார். நான் பேசி முடிக்கிறவரைக்கும் தள்ளி நின்று, வேறு யாரும் இந்தப் பக்கம் வந்தால், "ஆச்சி வெளிநாட்டுக்குப் பேசுறாக, அங்கிட்டுப் போங்க" என்று திருப்பி அனுப்புவார். காசு கொடுத்தாலும் அப்படி ஒரு காவல் கிடைக்காது.

இப்போது மருந்து பாதி அளவாகக் குறைந்திருக்கிறது, டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக. போன தை மாதத்திலிருந்து பேச்சும் மாதம் ஒருமுறைதான். சென்ற வாரம் அந்த அக்கா வழியில் பார்த்துக் கேட்டார், "ஆளையே காணோம், கருமாதி எல்லாம் முடிஞ்சிருச்சா ஆச்சி?"

"இன்னும் இல்லக்கா. பாக்கி கொஞ்சம் இருக்கு."

"ஒரு வருசத்துக்கு மேலயா?" என்று தாடையில் கைவைத்துக்கொண்டார். "பெரிய எடத்துச் சாவுதான் போல."