நான் சொன்ன ஓகே

"ஓகே சொன்னீர்களா ஐயா?" என்று முதலாளி கேட்டார்.

"பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன்" என்றேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த தம்பி, "ஓகே என்றீர்களே சார்" என்றான். குரலை உயர்த்தவில்லை. நான் பதில் சொல்லவில்லை. முதலாளியும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. 22 வருடங்களாக அந்த அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பவன் ஒரு பக்கம், வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆன பையன் ஒரு பக்கம். அவர் யாரை நம்புவார் என்பது எங்கள் மூவருக்குமே தெரிந்திருந்தது.

ஒரு பள்ளியின் நூற்றாண்டு மலர் அது. கடைசி ஃபாரத்தில், அதாவது ஒன்றாகச் சேர்ந்து அச்சாகும் கடைசிப் பக்கத் தொகுப்பில், எதிரெதிராக இரண்டு பெண்களின் படங்கள். ஒருவர் பள்ளிக்கு நிலம் கொடுத்த குடும்பத்தைச் சேர்ந்தவர், காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. மற்றவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. 81 வயது, நலமாக இருக்கிறார். ப்ரூஃபில் படக்குறிப்புகள் இடம் மாறியிருந்தன. இடம் மாற்றும் குறியைச் சிவப்பு மையில் வளைத்துப் போட்டு அனுப்பினேன். தம்பி குறிப்புகளை மாற்றினான், படங்களையும் மாற்றினான். பிழை பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. 1,000 பிரதிகளிலும் அந்த ஆசிரியையின் முகத்துக்குக் கீழே 'அமரர்' என்று இருந்தது.

இதில் என் பிழை இல்லை என்று முதலில் உறுதியாக நம்பினேன். குறிப்பை மாற்று என்றால் குறிப்பைத்தானே மாற்ற வேண்டும்? பிறகு அந்த ப்ரூஃப் தாளை எடுத்துப் பார்த்தேன். என் வளைகோடு குறிப்பில் தொடங்கவில்லை, படத்தின் கீழ் ஓரத்தில் தொடங்கியிருந்தது. அவசரத்தில் போட்ட கோடு. குறிப்பை மட்டும் மாற்றச் சொல்கிறது என்றும் படிக்கலாம், படத்தையும் சேர்த்து மாற்றச் சொல்கிறது என்றும் படிக்கலாம். அதனால்தான் தம்பி போன் செய்திருக்கிறான். அதனால்தான் அந்தப் போன் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அவன் பக்கம் மெஷின் ஓடும் சத்தம். "சார், கடைசி ஃபாரம் திருத்தம் போட்டு அனுப்பியிருக்கிறேன். பிளேட் போடலாமா?" என்றான். பிளேட் போட்டால் அடுத்தது அச்சுதான். "ஓகே. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். 'நீ சொன்னது காதில் விழுந்தது' என்பதற்கு மேல் அந்த ஓகேக்குப் பொருள் இல்லை. நாள் முழுவதும் அப்படித்தானே சொல்கிறோம்? டீ வந்துவிட்டது என்றால் ஓகே. பேப்பர் நாளைக்குத்தான் வரும் என்றாலும் ஓகே. அது சம்மதமா, கேட்டுக்கொண்டதற்கு அடையாளமா, பேச்சை முடிக்கிற வழியா என்று யாரும் நின்று யோசிப்பதில்லை.

என் பக்கம் நியாயம் தேடித்தான் அந்தச் சொல்லின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது பிறந்ததே எங்கள் தொழிலில்தான். 1839 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில் அது முதன்முதலாக அச்சேறியிருக்கிறது. வேண்டுமென்றே பிழையாக எழுதி, அதைச் சுருக்கி விளையாடுவது அன்றைய பத்திரிகைக்காரர்களின் வழக்கம். 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்பதை ஏ-க்குப் பதில் ஓ, சி-க்குப் பதில் கே போட்டு எழுதினார்கள். அந்த இரண்டு தப்பெழுத்துகள்தாம் ஓ.கே. அப்படிப் பிறந்த மற்ற சுருக்கங்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. மறு ஆண்டுத் தேர்தலில் அமெரிக்க அதிபர் மார்ட்டின் வான் பியூரனை, அவர் பிறந்த கிண்டர்ஹுக் ஊரை வைத்து 'ஓல்ட் கிண்டர்ஹுக்' என்று ஆதரவாளர்கள் அழைத்தார்கள். ஓ.கே. சங்கங்கள் முளைத்தன. அவர் தோற்றார், சொல் பிழைத்துக்கொண்டது.

இந்த உண்மை நிலைபெற நெடுங்காலம் ஆனது. அமெரிக்கப் பழங்குடியான சோக்டா மக்களின் மொழிச் சொல் என்று நம்பிய அதிபர் உட்ரோ வில்சன், 'ஓகே' என்பதை அந்த மொழி உச்சரிப்புக்கு ஏற்ற எழுத்துகளில் எழுதினார். கிரேக்கத்தில் 'எல்லாம் நலம்' என்னும் 'ஓலா கலா'விலிருந்து வந்தது என்றவர்களும் உண்டு. 1960களில் ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர் பழைய பத்திரிகைகளைப் புரட்டி முடிச்சை அவிழ்த்தார். அவர் தள்ளிய சான்றுகளில் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. பின்னாளில் டென்னசி மாநிலமான பகுதியில் 1790-இல் ஒரு நீதிமன்றப் பதிவேடு. பிறகு அமெரிக்க அதிபரான ஆண்ட்ரூ ஜாக்சன் ஒரு விற்பனைப் பத்திரத்தை மெய்ப்பித்தார், அது 'ஓ.கே.' என்று அதில் இருப்பதாகப் பல காலம் நம்பியிருக்கிறார்கள். உண்மையில் அது ஓ.ஆர்., 'பதிவுக்கு உத்தரவு' என்பதன் சுருக்கம். கையெழுத்தில் ஆர் கே போலத் தெரிந்திருக்கிறது. ப்ரூஃப் பார்க்கிறவன் கண் அந்த எழுத்தில்தான் முதலில் நின்றது. இரண்டாவது முறை படித்தபோதுதான் அது எதன் விற்பனைப் பத்திரம் என்பது உறைத்தது. அடிமையாக இருந்த ஒரு கறுப்பின மனிதரை ஒருவர் இன்னொருவருக்கு விற்ற பத்திரம். எழுத்தைப் பார்த்து மனிதரைத் தவறவிடுவது என் தொழிலோடு வந்த குணமோ என்று அன்று பயந்தேன்.

தேடப் போன நியாயம் கிடைக்கவும் செய்தது. 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவின் விமான நிலையம். மூடுபனி. ஓடுபாதையில் நின்ற டச்சு நிறுவனமான கே.எல்.எம். விமானம் புறப்பாட்டு நிலையில் இருப்பதாகச் சொன்னது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த பதில் "ஓகே". ஓரிரு நொடி இடைவெளி விட்டு, "புறப்படக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன்" என்றார் அதிகாரி. அதே ஓடுபாதையில் இருந்த அமெரிக்க நிறுவனமான பான் ஆம் விமானமும் அதே நேரத்தில் பேசியதால் இரண்டு குரலும் மோதி, கே.எல்.எம். விமானிகளுக்குக் கீச்சொலிதான் கேட்டது. தெளிவாகக் கேட்டது ஓகே மட்டும். அது புறப்பட ஓடி, பான் ஆம் விமானத்தின் மேல் மோதியது. 583 பேர் இறந்தார்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. அதன்பிறகு வானொலிப் பேச்சு விதிகளைக் கடுமையாக்கினார்கள். முக்கிய உத்தரவுகளுக்கு ஓகே போதாது, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

அதைப் படித்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். தம்பியும் ஓகேயை மட்டும் கேட்டிருக்கிறான், மிச்சத்தை மெஷின் சத்தம் விழுங்கிவிட்டது. யார் மேலும் குற்றமில்லை. காலையில் எழுந்ததும் அது ஆட்டம் கண்டது. அங்கே இரண்டாவது வாக்கியம் பதிவாகியிருந்தது. நான் அதை வாய்விட்டுச் சொன்னேனா, மனசுக்குள் நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டேனா?

திருத்த ஸ்டிக்கர் அடித்த செலவில் பாதியைத் தம்பியின் சம்பளத்தில் இரண்டு மாதம் பிடித்தார்கள். அவனே உட்கார்ந்து 1,000 பிரதிகளிலும் ஒட்டினான். நானும் ஒருநாள் அவனோடு உட்கார்ந்து ஒட்டினேன், அதில் என் மனம் கொஞ்சமும் ஆறவில்லை. மூன்றாம் மாதம் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டான். அந்த ஆசிரியையைப் பார்க்க முதலாளியோடு நானும் போனேன். மலரை வாங்கி, ஸ்டிக்கரின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அவ்வளவுதான். நம் சரி மட்டும் என்ன, ஒரே பொருள் உள்ள சொல்லா? ஒப்புக்கொள்வதும் சரி, சமமும் சரி, மலை இறங்குவதும் சரிவு. மன்னித்தாரா, எங்களை அனுப்பிவைப்பதற்காக அப்படிச் சொன்னாரா என்று வழியெல்லாம் யோசித்தேன்.

இப்போது புதிதாக வந்திருக்கும் பெண்ணிடம், பிரிண்ட் ஆர்டரில் என் கையெழுத்து இல்லாமல் பிளேட் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் அன்று முதலாளி முன்னால் பேசாமல் நின்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "ஓகே என்றது உண்மைதான், அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதில் தப்பில்லை" என்று சொல்ல எனக்கு எந்த அகராதியும் தேவைப்பட்டிருக்காது.

என் போனில் அந்த அழைப்பின் நேரம் இன்னும் இருக்கிறது. 19 நொடி. கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அவன் பேசியதையும் நான் பேசியதையும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்தால் 23 நொடி வருகிறது. வேகமாகப் பேசினால் 19-க்குள் அடங்குகிறது. நான் வேகமாகப் பேசுகிறவன் இல்லை.