மழைக்காடும் பாலைவனமும் ஒரே பாடம்

ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் சூழல் மண்டலங்கள் பற்றிய பாடம் தொடங்கியதும், நான் சொல்லாமலேயே பிள்ளைகள் நோட்டின் நடுவே ஒரு கோடு போட்டுவிடுவார்கள். இடப்பக்கம் மழைக்காடு, வலப்பக்கம் பாலைவனம். மழை மிகுதி, மழை குறைவு. அடர்ந்த மரங்கள், முட்செடிகள். குரங்கும் கிளியும், ஒட்டகமும் தேளும். ‘வேறுபடுத்துக’ என்ற வினாவுக்கு இது போதும், முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்தி வரும் எனக்கு, அந்தக் கோடுதான் பாடத்தைக் கெடுக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. பிரித்துப் படித்த பிள்ளைக்கு இரண்டு படங்கள் நினைவில் நிற்கின்றன. அங்கே ஏன் அவ்வளவு மழை, இங்கே ஏன் இவ்வளவு வறட்சி என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

எங்கள் பள்ளி தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், தேரிக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரும்புச் சத்து படிந்து செக்கச்செவேலென்று கிடக்கும் மணல் மேடுகள், இடையிடையே பனை, முந்திரி, உடைமரம். ஆனி, ஆடி மாதங்களில் காற்று அடிக்கத் தொடங்கினால் மணல் இடம் மாறும். வகுப்பறைப் பெஞ்சுகளில் செம்புழுதி படியும். பாலைவனம் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் பாதி வகுப்பு, “தேரிதான் டீச்சர்” என்று சொல்லும். ‘மணலும் மணல் சார்ந்த இடமும் பாலை’ என்று தமிழ் வகுப்பில் படித்ததையும் துணைக்கு அழைத்துக்கொள்வார்கள்.

நான் அங்கிருந்துதான் தொடங்குகிறேன். பொதுவாக ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தைத்தான் பாலைவனம் என்கிறோம். எங்கள் மாவட்டம் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் மழை பெறுகிறது, பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே தேரியில் எவ்வளவு மணல் இருந்தாலும் அது பாலைவனம் ஆகாது. மறுபக்கம், சகாராவில் மணல் மேடுகள் ஏறத்தாழ கால்பங்கு நிலத்தில் மட்டுமே உள்ளன. மீதியெல்லாம் பாறைத் தரை, சரளைக்கல் வெளி, மலைகள். உலகின் மிகப் பெரிய பாலைவனம் அண்டார்டிகா என்று சொல்லும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். பனிக்கட்டி இருக்கிறதே என்பார்கள். பனிக்கட்டி இருக்கிறது, ஆனால் புதிதாக விழும் பனி மிகச் சொற்பம். விழுந்த சொற்பமும் உருகாமல் காலங்காலமாகச் சேர்ந்து கிடக்கிறது. மணலையும் வெயிலையும் மறந்துவிட்டுத் தண்ணீரின் வரவுசெலவைப் பார்க்கப் பிள்ளைகள் பழகுவது இந்த இடத்தில்தான். இதற்கு ஒரு முழுப் பாடவேளை போனாலும் எனக்கு வருத்தமில்லை.

அடுத்து அட்லஸ். நிலநடுக்கோட்டின் மேல் விரல் வைத்து நகர்த்தச் சொல்வேன். அமேசான், காங்கோ, இந்தோனேசியத் தீவுகள் என்று பச்சை நிறம் வந்துகொண்டே இருக்கும். பிறகு வடக்கிலும் தெற்கிலும் 30 பாகைக்குப் பக்கத்தில் விரலை ஓட்டச் சொல்வேன். சகாரா, அரேபியா, கலகாரி, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி. இது தற்செயலாக அமையவில்லை. நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூடான ஈரக்காற்று மேலே எழுகிறது. உயரத்தில் குளிர்ந்து, ஈரத்துணியைப் பிழிந்தது போல் நீரையெல்லாம் மழையாக விட்டுவிடுகிறது. உலர்ந்துபோன அந்தக் காற்று வடக்கும் தெற்குமாக விலகிச் சென்று 30 பாகையை ஒட்டிக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகும். அதில் மேகம் உருவாவது அரிது. நிலநடுக்கோட்டில் காட்டுக்கு மழையைக் கொடுத்த அதே சுழற்சிதான் இங்கே பாலையையும் உண்டாக்குகிறது. எல்லாப் பாலைவனங்களுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. சிலியின் அட்டகாமா அவ்வளவு வறண்டு கிடப்பதற்குக் கரையோரம் ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்துக்கும், ஈரத்தை மறிக்கும் ஆண்டீஸ் மலைக்கும் பெரும் பங்கு உண்டு.

மலை மறிப்பது என்றால் என்ன என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மழையைக் கொட்டிவிடுகிறது. அகத்தியமலைப் பகுதியில், களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உயரமான சரிவுகளில், பசுமைமாறாக் காடு நிற்பதற்கு அந்த மழையும் ஐப்பசி மழையும் சேர்ந்துதான் காரணம். மலையைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக எங்கள் பக்கம் வருவது வறண்ட காற்று மட்டுமே. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதும், தேரி மணலை நகர்த்துவதும் அதுதான். குடத்தோடு குழாயடியில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு, அங்கே வரும் தாமிரபரணித் தண்ணீர் அந்தக் காட்டில் பிறந்தது என்று தெரிய வேண்டும். காற்றையும் தண்ணீரையும் சேர்த்துச் சொன்ன அன்று, அமேசானும் அவர்களுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டதைப் பார்த்தேன்.

மழைக்காட்டை வகுப்புக்குள் கொண்டுவர என்னிடம் இரண்டு எளிய பொருள்கள் உண்டு. ஒன்று அரச இலை. அதன் வால் போன்ற கூர்நுனியை எல்லாரும் பார்த்திருப்பார்கள். எதற்கு அந்த வால் என்று யோசித்திருக்க மாட்டார்கள். இலையைச் சாய்த்துப் பிடித்து மேலே தண்ணீர் தெளித்தால், துளிகள் நரம்பு வழியே நடுவுக்கு ஓடி, நுனியில் திரண்டு, ஒவ்வொன்றாகச் சொட்டி இலை விரைவில் வடிந்துவிடும். நுனியைக் கத்தரித்துவிட்டு மறுபடி தெளித்தால், வெட்டிய விளிம்பில் நீர் தேங்கி நிற்கும். நாள்தோறும் மழை பெய்யும் காட்டில் இலை ஈரமாகவே கிடந்தால் பாசியும் பூஞ்சையும் படரும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் இலைகளில் இப்படிப்பட்ட நுனி இருப்பது அதனால்தான் என்று கருதப்படுகிறது. அதே மேசையில் உடைமரத்தின் கிளையையும் வைப்பேன். பொடிப்பொடியான இலைகள், நீண்ட வெள்ளை முட்கள். தண்ணீரை வடித்துவிடத் துடிக்கும் இலையையும், ஒரு துளியையும் இழக்க விரும்பாத இலையையும் அருகருகே வைத்துவிட்டால் பாதிப் பாடம் தானாகவே நடந்துவிடும்.

மற்றொன்று பாலிதீன் பை. பள்ளி வளாகத்துப் புங்க மரத்தில், வெயில் படும் கிளையொன்றை இலைகளோடு பைக்குள் விட்டு வாயை இறுக்கிக் கட்டிவிடுவோம். மதிய உணவு முடிந்து வந்து பார்த்தால் பையின் உட்புறம் முத்துமுத்தாக நீர் கோத்திருக்கும், அடியிலும் கொஞ்சம் தேங்கியிருக்கும். ஒரு கிளையிலிருந்தே இவ்வளவு என்றால், 50 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த அமேசான் காடு எவ்வளவு நீரை வானத்துக்கு அனுப்பும் என்று பிள்ளைகளே கேட்பார்கள். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரம் மழையாக விழுகிறது; மரங்கள் அதை உறிஞ்சி மறுபடி ஆவியாக வெளியிடுகின்றன; அது மேற்கே சென்று மீண்டும் மழையாகிறது. ஆண்டீஸில் தடுக்கப்பட்டுத் தெற்கே திரும்பும் அந்த ஈரக்காற்றைப் பறக்கும் ஆறுகள் என்கிறார்கள். தென்பிரேசிலின் வயல்களுக்கும் நகரங்களுக்கும் அதிலிருந்து மழை போகிறது. காட்டை வெட்டினால் மழை குறையும் என்று சுவரில் எழுதி வைக்கிறோம். எப்படிக் குறையும் என்பதை அந்தப் பாலிதீன் பை காட்டிவிடுகிறது.

பேச்சுப் போட்டிக்குத் தயாராகி வரும் பிள்ளைகள் தவறாமல் சொல்லும் ஒரு வரி உண்டு: உலகின் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அமேசான் தருகிறது. இதை நான் திருத்தாமல் விடுவதில்லை. காடு உண்டாக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அங்குள்ள உயிர்களின் சுவாசமும், உதிர்ந்தவை மக்குவதுமே எடுத்துக்கொள்கின்றன. அமேசானைக் காக்க வேண்டியதற்கு மழை, மரங்களில் சேர்ந்திருக்கும் கார்பன், வேறெங்கும் இல்லாத உயிரினங்கள், அங்கே வாழும் மக்கள் என்று எத்தனையோ உண்மையான காரணங்கள் இருக்கும்போது தவறான ஒரு எண்ணைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவானேன்?

மண்ணைப் பற்றிய பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. இவ்வளவு மரம் வளர்கிறது என்றால் மண் கொழுத்த மண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் உறுதியாகச் சொல்வார்கள். ஆனால் அமேசானின் பெரும்பகுதி மண் சத்தற்றது. சத்தெல்லாம் உயிரோடு இருக்கும் மரங்களிலும் உதிரும் இலைகளிலும் இருக்கிறது. இலை விழுந்த வேகத்தில் பூஞ்சைகளும் கரையான்களும் அதை மக்க வைக்கின்றன. மேலாகப் படர்ந்திருக்கும் வேர்கள் உடனே எடுத்துக்கொள்கின்றன. மரங்களை எரித்து விதைத்தால் சாம்பலின் தயவில் சில போகம் விளையும், அதன் பிறகு மண் வெறுமையாகிவிடும். இதைக் கேட்ட உடனே ஒரு மாணவி கேட்டாள்: “அவ்வளவு மழை பெய்தால் சத்து ஆற்றோடு போய்விடுமே டீச்சர், குறைந்ததை யார் போடுவார்கள்?”

போடுபவற்றில் சகாராவும் ஒன்று. சாட் நாட்டில் போடேலே என்றொரு பள்ளம் இருக்கிறது. ஒரு காலத்தில் பெரும் ஏரியாக இருந்த இடம். காய்ந்துபோன அதன் படுகையில் நுண்பாசிகளின் எச்சங்கள் மண்டிக் கிடக்கின்றன. மலைகளுக்கு இடையே பாய்ந்து வரும் காற்று அந்தத் தூசியை வாரி எடுத்து அட்லாண்டிக்கைத் தாண்டி அனுப்புகிறது. 2007 முதல் 2013 வரையிலான செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு நாசா ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுக்குச் சராசரியாக 2.77 கோடி டன் சகாராத் தூசி அமேசான் படுகையில் விழுகிறது. அதில் பாஸ்பரஸ் மட்டும் ஏறத்தாழ 22,000 டன். மழையிலும் வெள்ளத்திலும் அமேசான் இழக்கும் பாஸ்பரஸுக்கு ஏறக்குறைய ஈடான அளவு அது. ஆடிக் காற்றில் பெஞ்சுப் புழுதியைத் துடைத்துத் துடைத்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது உடனே புரிகிறது. நோட்டில் இருக்கும் நடுக்கோட்டைக் குறுக்கே வெட்டி, வலமிருந்து இடமாக ஓர் அம்புக்குறி போடச் சொல்கிறேன். காற்றுச் சுழற்சிக்காக இடமிருந்து வலமாக இன்னொன்று.

சகாரா எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுவேன். ஏறத்தாழ 11,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே புல்வெளிகளும் ஏரிகளும் இருந்தன. அல்ஜீரியாவின் தசிலி பாறைகளில் மாட்டு மந்தைகளையும் ஒட்டகச்சிவிங்கிகளையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். புவியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மெல்ல மாறியதில் பருவமழை பின்வாங்கியது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதைத் தமிழாசிரியர் வந்து வகுப்பில் விளக்கினார். ‘மணல் சார்ந்த இடம்’ என்பதைவிட அது எவ்வளவு நுட்பமான பார்வை! ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு என்பது போன்றவற்றைப் பிள்ளைகளே படித்துக்கொள்வார்கள். அதற்கு நான் அதிக நேரம் கொடுப்பதில்லை.

இந்த ஆண்டு அந்த இடத்தில் பின்பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். சகாரா பசுமையாக இருந்த காலத்தில், ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தால் தூசி கிளம்பியிருக்காதே, அப்போது அமேசானுக்குப் பாஸ்பரஸ் எங்கிருந்து வந்தது என்றான். போடேலேப் படுகை எப்போது காய்ந்தது என்பதை ஆராய்ந்தவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். பதிலை நான் சொல்வதற்குள் வகுப்பு பிடித்துக்கொண்டது. பாறை கரைந்து வந்திருக்கும் என்றாள் ஒருத்தி. ஆண்டீஸிலிருந்து ஆறு வண்டல் கொண்டுவந்திருக்கும் என்றான் இன்னொருவன். உதிர்ந்த இலையை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டால் இழப்பே கொஞ்சம்தானே, பல்லாயிரம் ஆண்டு தாங்காதா என்று முன்பெஞ்சிலிருந்து ஒரு குரல். மூன்றையும் கரும்பலகையில் எழுதி, எதற்கு என்ன சான்று தேவைப்படும் என்று கேட்டேன். மணி அடித்த பிறகும் பேச்சு ஓயவில்லை. அடுத்த பாடவேளைக்கு வந்த கணக்கு ஆசிரியர் கரும்பலகையை அழிக்காமல், ஓரத்தில் கொஞ்சம் இடம் பிடித்துத் தம் கணக்கைப் போட்டார்.