சகலையும் ஹாட்சென்பாக்கும்

சகலை நேற்று சாயங்காலம் வந்தார். காபி குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. சாப்பாட்டு மேஜையில் கிளாம்ப் போட்டு மாட்டியிருந்த கார் கேம் ஸ்டீயரிங்கைப் பார்த்துவிட்டார்.

"ண்ணா, அந்த ஜெர்மனி ட்ராக் இருக்குதுல்ல, நூர்பர்க்ரிங், அதப் போடுங்க. எந்த வண்டி எடுத்தா நல்லாருக்கும்?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் கேட்கும்போதே ஒரு வண்டியை மனசுக்குள் முடிவு பண்ணிவிடுகிறார்கள். நாம் தலையாட்டினால் போதும். தெரிந்தும் பதில் சொன்னேன். "மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-ல வந்த முதல் மாடல். 1.6 லிட்டர் இன்ஜின், 115 குதிரைசக்தி, எடை ஆயிரம் கிலோகூட வராது."

கடைசிப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோச்சு என்று கேட்டவர் முகம் மாதிரி ஆகிவிட்டது அவர் முகம். "அந்த லைட்டு மேல எந்திரிக்கிற பொம்மை வண்டியா? அதெல்லாம் குழந்தைக ஓட்டறதுங்ணா. நானு கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவையும் ஒத்தக் கையில ஏத்துனவன்."

ஏற்றினார், பார்த்திருக்கிறேன். மறு கையில் போன். மச்சினி வழியெல்லாம் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆக, அசெட்டோ கோர்சா என்கிற அந்தக் கார் கேமில் அவர் எடுத்தது போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ். 500 குதிரைசக்தி. இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால். "யூட்யூப்ல ஏழு நிமிசம் சொச்சத்துல சுத்திட்டு வந்துட்டான்." வந்தான்தான். அவன் அந்த ரோட்டில் எத்தனை வருஷம் குப்பை கொட்டினான் என்பதை யூட்யூப் காட்டாது.

அடுத்து நடந்ததைச் சொல்ல ரொம்ப நேரம் ஆகாது. நேராகக் கிளம்பி, ஹாட்சென்பாக்கில் இடது, வலது, இடது என்று ரோடு பின்னிப் பின்னிப் போகும் இடத்தில் வேலியில் ஒரு முட்டு. மறுபடி கிளம்பி, மறுபடி அதே வேலி. சோபாவில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு ஒரு சந்தேகம்: "ஏன் மாப்ள, அந்த ரோட்டுக்கு வேற வேலியே கிடையாதா?" அதோடு, பேரன் ஏற்கெனவே கதை சொல்லி வைத்திருந்த அந்த சிமெண்ட் வளைவு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வரும் அத்தை, வரும். இப்போதுதான் முதல் கிலோமீட்டரில் நிற்கிறோம். இன்னும் ஒரு பன்னிரண்டு பதிமூன்று போகணும்.

இதுதான் இங்கே சிக்கலே. நூர்பர்க்ரிங்கில் நாங்கள் ஓட்டும் நார்ட்ஷ்லைஃபே, அதாவது வடக்குச் சுற்று, 20.832 கி.மீ. நீளம். 1927-ல் ஐஃபெல் மலைக்காட்டுக்குள் திறந்தது. வளைவுகள் கணக்குப்படி 73, உயரமான இடத்துக்கும் தாழ்ந்த இடத்துக்கும் சுமார் 300 மீட்டர் வித்தியாசம். 1968-ல் மழையிலும் மூடுபனியிலும் நாலு நிமிஷத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்த ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜாக்கி ஸ்டீவர்ட்டே இதற்குப் பச்சை நரகம் என்றுதான் பேர் வைத்தார். வேகமான வண்டியோடு இங்கே வருகிறவனுக்கு ஹாட்சென்பாக் மட்டும் அத்துப்படி ஆகும். மீதி பத்தொன்பது கிலோமீட்டரை அவன் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

கொல்லிமலைக் கணக்கும் இங்கே செல்லாது. அங்கே முப்பதில் ஏறுகிறோம், வளைவு வந்த பிறகு ஸ்டீயரிங்கை ஒடித்தால் போதும். இங்கே 250-ல் போனால் ஒரு நொடிக்கு 70 மீட்டர் ஓடிவிடும். மேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, ஞாபகத்தில் இருக்கணும். எம்எக்ஸ்-5 அதே மேட்டில் 140-ல் போகும், நொடிக்கு 39 மீட்டர். யோசிக்க நேரம் கிடைக்கும். தப்பு பண்ணினாலும் டயர் முதலில் கீச்சிட்டுச் சொல்லிவிட்டுத்தான் பிடியை விடும். ஜிடி3 ஆர்எஸ் சொல்லாது என்றில்லை, சொல்லும். அது சொல்லி முடிக்கும்போது நாம் வேலியில் இருப்போம்.

இதையெல்லாம் சகலையிடம் சொன்னேன். அவர் ஸ்டீயரிங்கைத் தட்டிப் பார்த்து, "இதுல ஏதோ பிளே இருக்குதுங்ணா" என்றார்.

கடைசியில் பேரன் எட்டிப் போய் மாஸ்டாவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டான். அதற்குள் நான் செட்டிங்கை மாற்றினேன். யாராவது வீட்டில் இப்படி ஒரு சகலையை வைத்திருந்தால் பயன்படும் என்பதால் எழுதி வைக்கிறேன். ஏபிஎஸ் ஆன். வண்டியைத் தானே நேராக்கிவிடும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் பூஜ்யம், இல்லாவிட்டால் வண்டி என்ன பண்ணுகிறது என்றே கைக்குத் தெரியாது. டேமேஜ் பூஜ்யம், இல்லாவிட்டால் ஒரு முட்டுக்கு ஒரு தடவை முதலிலிருந்து. பெட்ரோல் 10 லிட்டர். ரெண்டு சுற்றுக்கு அது போதும், டேங்க் நிரப்பினால் சின்ன வண்டியில் அந்த எடை நன்றாகவே தெரியும். டயர் ஸ்ட்ரீட் டயர், பந்தய ரகத்து செமி ஸ்லிக் வேண்டாம். ஸ்டீயரிங் சுழற்சி 900 டிகிரி. கியரை ஸ்டீயரிங் பின்னால் இருக்கும் பேடிலில் மாற்றினால் போதும். ட்ராக் கற்கும்போதே கிளட்ச் கற்கிறேன் என்று இறங்குவது, சமையல் கற்றுக்கொள்ளும் அன்றைக்கே விருந்துக்குக் கூப்பிடுகிற ஆட்களுக்குத்தான் சரி. ட்ராக்கிலும் கவனம்: 24 மணி நேரப் பந்தயத்துக்கான 25.378 கி.மீ. வடிவத்தைத் தொடாதீர்கள். அதில் பக்கத்திலுள்ள கிராண்ட் பிரீ ட்ராக்கும் ஒட்டிக்கொண்டு வரும், தனி நார்ட்ஷ்லைஃபேயே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

மாஸ்டாவில் சகலை ஹாட்சென்பாக்கைத் தாண்டினார். அத்தை கைதட்டினார். சகலைக்குக் கோபம்.

அடுத்தது ஃப்ளூக்பிளாட்ஸ். மேட்டில் ஏறி இறங்கும்போது வண்டி காற்றில் லேசாகும். ஸ்டீயரிங் நேராக இருக்கணும், ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி, சக்கரம் உட்கார்ந்த பிறகு வலதுக்குத் திருப்பணும். முன்பக்கம் கனமே இல்லாத 911-ல் இதே மேட்டில் ஸ்டீயரிங் சும்மா சுற்றும். ஷ்வேடன்க்ராய்ட்ஸில் மேடும் இடது வளைவும் சேர்ந்து வரும். பிரேக்கை மேட்டுக்கு முன்னாலேயே தொட்டுவிடணும். வளைவுக்குள் போய்ப் பயந்து மிதித்தால் வால் முன்னால் வந்துவிடும். ஃபுக்ஸ்ரோரேயில் இறக்கத்தில் பறந்து, பள்ளத்தில் வண்டி அமுங்கி, மேலே ஏறும்போது அட்னாவர் ஃபார்ஸ்ட். இங்கே எல்லோரும் புல்லுக்குப் போவார்கள். ஏற்றத்தில் வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடணும், ஏனென்றால் இடது, வலது என்று ரோடு மடங்குவது மேலே போகும்வரை தெரியாது. சகலையும் புல்லுக்குப் போனார். மாஸ்டாவாக இருந்ததால் புல்லில் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்ப ரோட்டுக்கு வந்தார். "பாத்தீங்களா, கண்ட்ரோல்!" என்றார்.

பெர்க்வெர்க் வந்ததும் அடுத்த புகார்: "வண்டி இழுக்கவே மாட்டேங்குது."

எனக்கு இந்தக் காரில் ரொம்பப் பிடித்ததே இந்த இடம்தான். பெர்க்வெர்க் இறுக்கமான வலது வளைவு. அதிலிருந்து கெஸல்கென் வழியாக நீண்ட ஏற்றம். பொறுமையாக உள்ளே போய், பாதி வளைவு தாண்டியதும் ஆக்ஸிலேட்டரை முழுசாக அமுக்கி, ரோட்டின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் மாஸ்டாவும் மேலே ஏறும். அவசரப்பட்டு உள்ளே பாய்ந்து வெளியே வரும்போது தடுமாறினால், அந்த ஏற்றம் முழுக்க மூணாவது கியரில் முனகிக்கொண்டே போகணும். நீங்கள் செய்த தப்பை ஒன்றரை நிமிஷம் உங்கள் முகத்துக்கு நேராகக் காட்டுகிற வண்டி. 500 குதிரை இருந்தால் அந்தத் தப்பை மூடி மறைத்துவிடும், நீங்களும் ஜென்மத்துக்கும் திருந்த மாட்டீர்கள். 1976 ஆகஸ்ட் 1 அன்று ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நிக்கி லவுடாவின் ஃபெராரி தீப்பிடித்தது இந்த வளைவுக்குச் சற்று முன்னால்தான் என்று சொன்னேன். சகலை கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினார். அந்த அமைதிக்காக லவுடாவுக்கு நன்றி.

ஒருவழியாக கருஸல். அத்தை கேட்ட சிமெண்ட் வளைவு. இடது பக்கம் சரிந்த கான்கிரீட் பலகைக்குள் வண்டியை இறக்கிவிட்டு, உள்ளே இருந்தபடியே சுற்றி, வெளியே குதிக்கணும். நுழையும் இடம் தெரியாது என்பதால் முதலில் மெதுவாகப் போய்ப் பழகணும். கான்கிரீட் இணைப்புகள் ஒவ்வொன்றும் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில், அதாவது ஸ்டீயரிங் மோட்டார் தரும் உதறலில், கைக்கு வரும். ஃபோர்ஸை 60 சதவீதத்தில் வைத்திருந்தேன், சகலை எனக்குத் தெரியாமல் நூறுக்குத் தள்ளியிருக்கிறார். மேஜை ஆடியது, உப்பு ஜாடி ஆடியது, மாவடு பாட்டில் விளிம்பு வரை நடந்து வந்தது. சகதர்மிணி சமையலறையிலிருந்து பாய்ந்து வந்து பாட்டிலைப் பிடித்த வேகம் இருக்கிறதே, அதை எந்த காரிலும் பார்த்ததில்லை. இவ்வளவு நேரம் காத்திருந்த அத்தை எங்கே என்று பார்த்தால், எட்டு மணி சீரியலுக்கு உள்ளே போய்விட்டார்.

பிறகு ப்ஃப்ளான்ட்ஸ்கார்டனில் வண்டி எழும்பி விழும் இடத்தில், எழும்பிய பிறகு பிரேக் போட்டு, சக்கரம் திரும்பிய நிலையில் தரை தொட்டு, வேலி. அங்கே பிரேக் எழும்புவதற்கு முன்னால், ஸ்டீயரிங் நேர். சொல்லியிருந்தேன். சரி, விடுங்கள்.

ஒழுங்காக ஓட்டினால் இந்த வண்டியில் ஒரு சுற்று பத்து நிமிஷத்துக்குப் பக்கத்தில் வரும். டோட்டிங்கர் ஹோஹே நேர் ரோட்டில் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல் வேலையே இருக்காது, ஆறிப்போன காபியை முடித்துவிடலாம். வேலியைத் தொடாமல் தொடர்ந்து சுற்ற முடிகிறபோது அடுத்த வண்டி டொயோட்டா ஜிடி86. 200 குதிரைசக்தி, அதே பின்சக்கர ஓட்டம். டொயோட்டாக்காரனே தன் சிக்கன கார் பிரியஸுக்குப் போடும் ரகத்து டயரை இதற்கும் போட்டு அனுப்பினான், அதனால் பிடி குறைவு, பாடம் அதிகம். அபார்த் 500 மாதிரி முன்சக்கர வண்டி எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். வேகம் அதிகமானால் மூக்கு வெளியே போகும், அவ்வளவுதான். ஆனால் வேர்ஸைஃபன் இறக்கத்தில், வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் அதுவும் வாலை வீசும். நாலு சக்கர ஓட்ட வண்டிகள் நல்லவை. ரொம்ப நல்லவை என்பதால்தான் கற்பதற்கு வேண்டாம்.

இத்தனையும் சகலையை வாசல் வரை கொண்டுபோய் விடும்போது சொன்னேன். "சரிங்ணா, சரிங்ணா" என்று தலையாட்டிக்கொண்டே செருப்பைப் போட்டார்.

இன்று காலை வாட்ஸப்பில் ஒரு லிங்க் வந்திருக்கிறது. 2018-ல் டிமோ பெர்ன்ஹார்ட் போர்ஷே 919 இவோ பந்தயக் காரை எடுத்துக்கொண்டு 5:19.546-ல் சுற்றிய வீடியோ. 1160 குதிரைசக்தி. கீழே, "ண்ணா, இந்த வண்டி நம்ம கேம்ல இருக்குங்களா? ஞாயித்துக்கிழமை தம்பியையும் கூட்டிட்டு வர்றேன்."

திறந்து தொலைத்துவிட்டேன். நீல டிக் விழுந்துவிட்டது.