பெரியம்மாவின் கல்வெட்டும் மயிர்க்கோடுகளும்

காலமான பெரியம்மாவின் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், அடிக்க வேண்டும். எழுத்துருப் பைத்தியம் பிடித்தவன் வீட்டில் நான் ஒருவன்தான் என்பதால் பக்க வடிவமைப்பு என் தலையில் விழுந்தது. ரொறன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவும் தேவாரமும் தமிழில், வாழ்க்கைக் குறிப்பு மட்டும் இரு மொழியிலும் என்று முடிவானது.

ஆங்கிலத்துக்குப் பிளேஃபெயர் டிஸ்பிளே எடுத்தேன். டென்மார்க்கைச் சேர்ந்த கிளவ்ஸ் எகர்ஸ் சோரன்சன் 2011இல் வெளியிட்ட இலவச எழுத்துரு இது. அகல்முனை இறகுப் பேனை போய்க் கூர்முனை உலோகப் பேனை வந்த காலத்தின் சாயல் அதில் உண்டு. பெயரை 48 புள்ளி அளவில் வைத்துப் பார்த்தேன். முதலெழுத்தான 'எம்'மின் இடது கால் ஊசி, வலது கால் தூண். அரைமணி நேரம் வேறு வேலை ஓடவில்லை.

பிறந்த ஆண்டை அடித்தபோதுதான் முதல் சிக்கல். 1943இல் 1 மட்டும் கோட்டின்மேல் நிற்க, மற்ற மூன்று எண்களும் கீழே தொங்கின. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதென்ன, அவளுடைய ஆண்டு சரிந்து கிடக்கிறது?" என்றார். இந்த எழுத்துருவில் பழைய பாணி எண்கள்தான் இயல்பாக வரும். எனக்கு அவை அழகு. அவரிடம் அதை விளக்க மனம் வரவில்லை. எழுத்துரு அமைப்பில் ஒரே உயரத்தில் நிற்கும் 'லைனிங்' எண்களைத் தெரிவு செய்ததும் நான்கும் நிமிர்ந்துகொண்டன.

வாழ்க்கைக் குறிப்பையும் அதே எழுத்துருவில் 9 புள்ளியில் போட்டது என் பேராசை. கொப்பி எடுத்துப் பார்த்தால், ஆங்கில 'ஈ'யின் குறுக்குக்கோடு அழிந்து பல இடங்களில் 'சீ' ஆகியிருந்தது. பெயரிலேயே 'டிஸ்பிளே' என்று இருக்கிறது, தலைப்புக்கானது என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். குறிப்பின் எழுத்தை லிப்ரே பாஸ்கர்வில் என்ற எழுத்துருவுக்கு மாற்றி 10 புள்ளியாக்கினேன். இரண்டிலும் பர்மிங்காமின் அச்சாளர் ஜான் பாஸ்கர்வில்லின் சாயல் உண்டு என்பதால் ஒரே பக்கத்தில் சண்டையில்லாமல் இருக்கின்றன.

அட்டை இன்னொரு பாடம். கருஞ்சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்று கோண்டாவிலில் இருந்து சைக்கிளில் நகரத்து அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். அங்குள்ள முதியவர் நகத்தால் எழுத்தின் ஒரு மெல்லிய கோட்டைத் தொட்டுக் காட்டினார். "தம்பி, இந்த மயிர்க்கோடு மையில் மூழ்கிவிடும். தடித்த எழுத்தைப் போடுங்கள், இல்லாவிட்டால் அட்டையை வெள்ளையாக விடுங்கள்." தடித்ததில் அந்த ஊசிக்கால் போய்விடும். வெள்ளையாகவே விட்டேன், எழுத்துக்குக் கருஞ்சிவப்பு.

தமிழ்ப் பக்கம்தான் அதிக நேரம் தின்றது. எழுத்தாணிக்குத் தடிப்பும் மெலிவும் கிடையாது. ஓலையில் கீறினால் எல்லாக் கோடும் ஒன்றுதான். அதனால் ஒரே தடிப்பில் ஓடும் எழுத்துருவே தமிழுக்குப் பொருத்தம் என்று நினைத்தேன். பிளேஃபெயருக்குப் பக்கத்தில் அது பெயர்ப்பலகைபோல் நின்றது. 'நோட்டோ செரிஃப் தமிழ்' என்ற எழுத்துருவில் ஓரளவு தடிப்பு வேறுபாடு உண்டு. அதை ஒரு புள்ளி சிறிதாக்கி, வரி இடைவெளியைக் கூட்டியதும் வெண்பாவின் 'கீ'யும் 'கூ'வும் ஒன்றோடொன்று முட்டாமல் மூச்சுவிட்டன.

இப்போது வம்சாவழிப் பக்கம்வரை முடிந்திருக்கிறது. நன்றி நவிலல் மட்டும் பாக்கி. மாமா அதை யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். யூனிகோடுக்கு மாற்றிப் பிழை பார்க்க இன்னோர் இரவு போகும்.