நின்ற மாதவிலக்கும் ஒரு மாத்திரை அட்டையும்

ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு 3 மாதம் தொடர்ந்து வராவிட்டாலும், முன்பே ஒழுங்கில்லாதவர்களுக்கு 6 மாதம் வராவிட்டாலும் காரணத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்பது மருத்துவர்கள் கொள்ளும் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு கடந்தபோது, அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எள்ளையும் கருப்பட்டியையும் இடித்துக் கொடுத்த ஆச்சி மட்டும், "முழுகாம இருக்கியோ என்னவோ, மொதல்ல அதைப் பாத்துட்டுத் தின்னுளா" என்றார். பாளையங்கோட்டையில் நான் பார்த்த மகப்பேறு மருத்துவரும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையைத்தான் முதலில் செய்யச் சொன்னார்.

கர்ப்பம் இல்லை என்றானதும் கேள்விகள் தொடங்கின. உடல் எடை திடீரென்று குறைந்ததா, முகத்தில் முடி வளர்கிறதா, திடீர் திடீரென்று உடம்பு சூடாகி வியர்க்கிறதா, கரு கலைந்து கர்ப்பப்பையைச் சுத்தம் செய்ததுண்டா, தலைவலியோ பார்வை மங்கலோ உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், மார்பில் பால் கசிகிறதா என்றும் கேட்டார். என் மகன் பால்குடி மறந்து பள்ளிக்கூடம் போகிறான். ஆனாலும் கசிவு இருந்தது. வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லக் கூசியிருந்தேன்.

இரத்தத்தில் தைராய்டு, பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின், சினைமுட்டையை வளரத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்எச் ஆகிய மூன்றையும் பார்த்தார்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டுமாம். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து எடுத்த ஸ்கேனில் நீர்க்கட்டி எதுவும் இல்லை. புரோலாக்டின் மட்டும் கூடுதலாக இருந்தது.

அப்போதுதான் மருத்துவர், நான் விழுங்கும் மாத்திரைகள் அத்தனையையும் மேசையில் எடுத்து வைக்கச் சொன்னார். நெஞ்செரிச்சலுக்காக ஒரு கிளினிக்கில் எழுதிக் கொடுத்து, மருந்துக்கடையில் கேட்கும்போதெல்லாம் கிடைத்துவந்த காப்ஸ்யூலின் வெள்ளித்தாளைத் திருப்பி, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலுக்கு அடுத்திருந்த, குமட்டலை அடக்கும் மருந்தான டாம்பெரிடோன் என்ற பொடி எழுத்தை நகத்தால் கோடிட்டுக் காட்டினார். புரோலாக்டினை அடக்கிவைப்பது மூளையில் சுரக்கும் டோபமைன். அதை இந்த மருந்து தடுப்பதால் புரோலாக்டின் ஏறி, சினைமுட்டை முதிர்வதற்கான கட்டளை நின்றுபோகிறது. சில மனநல மருந்துகளுக்கும் இதே குணம் உண்டு, ஆனால் அவற்றை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார்.

காப்ஸ்யூலை நிறுத்திச் சில நாள் கழித்து, காலையில் வெறும் வயிற்றில், சற்று நேரம் உட்காரவைத்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். அளவு இறங்காதிருந்தால், புரோலாக்டினைச் சுரக்கும், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி உண்டா என்று எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்திருக்கும். இறங்கிவிட்டது. நெஞ்செரிச்சலுக்கு இப்போது டாம்பெரிடோன் கலவாத மாத்திரை. மாதவிலக்கு அடுத்த சில வாரங்களில் வந்தது, பால் கசிவு நிற்கத்தான் இன்னும் கொஞ்சம் காலம் பிடித்தது.