மூன்று ஓமில் காணாமல் போன தொப்பி

பாலக்காட்டில் ஆடியோ கருவிகளை விற்றுப் பழுதும் பார்க்கும் ஒரு கடையில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வீடு கொழிஞ்சாம்பாறையில், எல்லையோரத்து ஊர் என்பதால் வீட்டில் தமிழும் கடையில் பாதி மலையாளமுமாகப் பொழுது போகிறது. செம்பை வைத்தியநாத பாகவதர், பாலக்காடு மணி ஐயர், எம்.டி. ராமநாதன் என்று கர்நாடக இசை மேதைகளைத் தந்த மண் இது. இங்கே விலையுயர்ந்த ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்களில் பலர் சினிமா பார்ப்பதற்காக வருவதில்லை, கச்சேரி கேட்பதற்காகவே வருகிறார்கள். அவர்களுடைய காதுக்கு முன்னால் என் கணக்கு தவறிப்போன ஒரு சம்பவம், ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கருக்குப் பொருத்தும் வேலையை எனக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தது.

கல்பாத்தி அக்ரஹாரத்தில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்கு, வெளிநாட்டிலிருக்கும் மகன் நல்ல டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி அனுப்பியிருந்தார். பின்பக்கத்தில் 8 ஓம் (கரண்ட்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை), 88 டெசிபெல் (ஒரு வாட்டுக்கு அது தரும் சத்தம்) என்று அச்சிட்டிருந்ததை நம்பி, சேனலுக்கு 100 வாட் தரும், ஆம்ப்ளிஃபயரும் உள்ளடங்கிய ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்றை நான்தான் பரிந்துரைத்தேன். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது: பாட்டு முழுவதும் ஒழுங்காகப் போகிறது, மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் சூடு பிடிக்கும் நேரத்தில் ரிசீவர் 'டக்'கென்று அணைந்துவிடுகிறது. போய்ப் பார்த்து, பின்னாலிருந்த ஓம் சுவிட்சை 4-க்கு மாற்றிவிட்டு வந்தேன். அணைவது நின்றது. ஆனால் மாமா மறுபடியும் கூப்பிட்டார்.

"தம்பி, இப்போ நிக்கறதில்லை, அது சரிதான். ஆனா தொப்பியைக் காணலையே? வலந்தலை மட்டும் தனியா வாசிக்கறாப்பல இருக்கு."

தொப்பி என்பது மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் இடப்பக்கம், வலந்தலை அதன் வலப்பக்கம். அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அந்தச் சுவிட்ச் வெளியீட்டுப் பகுதிக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைத்து, ரிசீவர் சூடாகாமல் பார்த்துக்கொள்கிறதே தவிர, ஸ்பீக்கருக்கு வேண்டிய கரண்ட்டைக் கூட்டித் தருவதில்லை. நான் நோயை விட்டுவிட்டு இருமலை மட்டும் நிறுத்தியிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, நல்ல மல்டிமீட்டர், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவற்றோடு போனேன். போனிலிருந்து ஒற்றைச் சுருதி ஒலியை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்து, அதன் வெளியீட்டைச் சுமார் 10 வோல்ட்டில் நிறுத்தி, 1000 ஓம் வழியாக முதலில் 10 ஓம் ரெசிஸ்டருக்கு அனுப்பினால் அதன் குறுக்கே ஏறத்தாழ 100 மில்லிவோல்ட் காட்டும். ஆக, ஓம் ஒன்றுக்குப் பத்து மில்லிவோல்ட். பிறகு அதே இடத்தில் ஸ்பீக்கரை இணைத்து, 20 ஹெர்ட்ஸிலிருந்து படிப்படியாக ஏற்றிக்கொண்டே குறித்தேன். 25 ஹெர்ட்ஸில் 22 ஓம், 38-இல் 5 ஓம், 62-இல் 26 ஓம். பெட்டியில் காற்றுத் துளை உள்ள ஸ்பீக்கர்களில் இப்படி இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமும் வருவது வழக்கம்தான். ஆனால் இரண்டாவது மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டே வந்த மீட்டர், 110 ஹெர்ட்ஸில் 31 மில்லிவோல்ட்டில் போய் நின்றது. 3.1 ஓம். மிருதங்கத்தின் இடக்கைத் தொப்பியும், அதில் கையை அழுத்தி எழுப்பும் கும்கி என்ற வளைந்த ஒலியும் குடியிருக்கும் இடம் ஏறக்குறைய அதுவேதான்.

8 ஓமுக்கு 20 வோல்ட் கொடுக்க இரண்டரை ஆம்பியர் போதும்; 3.1 ஓமுக்கு அதே 20 வோல்ட்டைக் கொடுக்க ஆறரை ஆம்பியர் வேண்டும். போதாக்குறைக்கு, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் அந்தச் சரிவில் கரண்ட் வோல்ட்டேஜுக்கு முன்னால் ஓடுவதால், டிரான்சிஸ்டர்களில் சூடு இன்னும் கூடும். அச்சிட்ட 8 ஓம் என்பது பெயரளவுக்குச் சொல்லும் கணக்குதான் என்று எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் அளந்து பார்க்காமல் விற்றேன் என்பதே என் குற்றம்.

முதலாளி ரிசீவரைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அதற்குப் பதிலாக நான் கொண்டுபோய் வைத்தது 8 ஓமில் 60 வாட்டும் 4 ஓமில் 110 வாட்டும் தரும் இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர். 100 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் சத்தத்தில் உள்ள வித்தியாசம் 2.2 டெசிபெல்தான், ஓம் பாதியாகும்போது வாட் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறதா என்பதைத்தான் நான் இப்போது முதலில் பார்க்கிறேன். அந்த ஒரு கணக்கு டிரான்ஸ்பார்மரின் உடல் வலுவைக் காட்டிவிடும். இந்தப் பக்கத்தில் கோடை மாலைகளில் 230 வோல்ட் 190-க்கு இறங்கினால், சாதாரண பவர் சப்ளை உள்ள ஆம்ப்ளிஃபயரின் வாட் மூன்றில் இரண்டு பங்காகிவிடும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

மாமாவின் உறவினர் ஒருவர் வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கச் சொன்னார். வால்வின் இனிமையை நானும் விரும்புகிறவன்தான். ஆனால் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்ளிஃபயரின் சொந்தத் தடை, 2 ஓம் உள்ள வால்வு ஆம்ப்ளிஃபயரை இந்த ஸ்பீக்கரோடு சேர்த்தால், 62 ஹெர்ட்ஸுக்கும் 110 ஹெர்ட்ஸுக்கும் இடையில் மட்டும் 3.7 டெசிபெல் ஏற்றத்தாழ்வு விழும். போன தொப்பி திரும்பி வராது. அதே ஆம்ப்ளிஃபயரைச் சித்தூரில் ஒரு டாக்டர் வீட்டிலுள்ள பழைய எல்.எஸ்.3/5ஏ ஸ்பீக்கர் ஜோடிக்கு மனமாரக் கொடுத்தேன். பி.பி.சி. தன் ஒலிபரப்புப் பணிக்காக 1970-களில் வடிவமைத்த அந்தச் சின்னப் பெட்டி ஒரு வாட்டுக்கு 83 டெசிபெல்லைக்கூட எட்டாது, ஆனால் 15 ஓம் சுமை என்பதால் ஆம்ப்ளிஃபயரை வருத்தாது. சத்தம் குறைவு என்பது வேறு, சுமை கடினம் என்பது வேறு; இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறவர்களைத்தான் கடையில் அதிகம் பார்க்கிறேன்.

கல்பாத்தியில் இன்னும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. டிஜிட்டல் பாட்டை மின்னலையாக மாற்றும் 'டேக்' (DAC) கருவி தருவது 2 வோல்ட், ஆம்ப்ளிஃபயருக்குப் போதுமானதோ 0.4 வோல்ட். அதனால் வால்யூம் குமிழைத் தொட்டதுமே வீடு அதிர்ந்தது; அவ்வளவு தாழ்ந்த நிலையில் பல குமிழ்களில் இடமும் வலமும் ஒத்துப்போவதில்லை என்பதால் தம்புரா இடப்பக்கம் சாய்ந்து கேட்டது. சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர் வைத்து 10 டெசிபெல் குறைத்ததும் குமிழ் மேலேறியது, தம்புரா நடுவுக்கு வந்து உட்கார்ந்தது.

அதன்பிறகு மாமா பழைய வானொலிப் பதிவொன்றைப் போட்டார். தனி தொடங்கியதும் சாய்வு நாற்காலியின் கையில் அவருடைய இடக்கை தானாகத் தாளத்தைத் தொட்டது. கும்கி வந்த இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே பார்த்து, தம்பிக்குக் காபி கொண்டுவரச் சொன்னார்.

அன்று எழுதிய எண்களை ஒரு அட்டையில் பிரதியெடுத்து அந்த ஸ்பீக்கரின் பின்னால் ஒட்டிவைத்தேன். அன்றிலிருந்து அந்த 1000 ஓம் ரெசிஸ்டர் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.