பசை காயும் நாட்கள்

மே 14, 2024

பாட்டி இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. "அந்த ஒட்டு பிடித்திருக்குமா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

மே 17

பாட்டியின் பெயரைச் சேர்க்கச் சொல்லி எழுதியதற்குப் பதில் கடிதம் வந்துவிட்டது. போர்ப்பணி நினைவுப் பலகையில் பொதுமக்கள் பெயர் சேராதாம். பாட்டியிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

மே 18

தூக்கமே இல்லை. பாட்டி பதினெட்டு வயதில் லண்டன் டோட்டன்ஹாமில் லெபஸ் மரச்சாமான் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். கட்டிலும் அலமாரியும் செய்த இடத்தில் அப்போது, இரண்டாம் உலகப் போரில், வீரர்களை ஏற்றிப் போகும் ஹார்ஸா கிளைடரின் பாகங்கள். இறக்கை 88 அடி. இன்ஜின் கிடையாது. இன்னொரு விமானம் கயிற்றில் இழுத்துப் போகும். கயிறு கழன்ற பிறகு உள்ளே இருப்பவர்களைத் தாங்குவது பிளைவுட்டும் பசையும்தான். அந்தப் பசையைத் தடவிய கையைத்தான் தினமும் கழுவி விடுகிறேன்.

பாகங்களைக் கோத்தது விமானப்படைக் கிடங்குகளில். அதனால் பாட்டி முழுக் கிளைடரைப் பார்த்ததே இல்லை. தன் துண்டு எதில் போனது என்று யாரும் சொன்னதும் இல்லை.

1944 ஜூன் 6, நள்ளிரவு தாண்டி, நார்மண்டியில் பெனுவில் பாலத்தருகே இறங்கிய முதல் ஹார்ஸாவின் மூக்கு நொறுங்கியது. ஓட்டிய ஜிம் வால்வொர்க் கண்ணாடியோடு வெளியே வந்து விழுந்தார், பிழைத்தார். பாலம் பிரிட்டிஷ் படையின் கைக்கு வந்தது. இதைப் படித்துக் காட்டினால், "மூக்கு சரி, நடுப்பகுதி?" என்கிறார் பாட்டி. இன்னொரு கிளைடரில் போன வீரர் குட்டையில் மூழ்கிப்போன பத்தியை நான் தாண்டிவிடுவேன்.

மே 21

மழை. அதே கேள்வி.

மே 25

சாலிஸ்பரி ஹால் அருங்காட்சியகம். வடிவமைப்பாளர் டில்ட்மன் குழு ஹார்ஸாவை வரைந்த வீடு அது. பாட்டியின் வீல்சேரை அங்கிருந்த ஹார்ஸா உடற்பகுதி ஓரமாக நிறுத்தினேன். அனுமதி கேட்டுத் தொட்டார். ஒட்டு வாய் நெடுக நகத்தை ஓட்டிப் பார்த்தார். எங்கும் மாட்டவில்லை.

"நல்லா ஒட்டியிருக்கா, யாரோ."

காரில் வீடு வரை பேசவில்லை. இரவு ஒரு கிண்ணம் சூப் முழுவதும் குடித்தார்!

மே 27

காய்ச்சல். மருத்துவர் இரண்டு முறை வந்து போனார்.

ஜூன் 4

எவரையும் கேட்க வேண்டாம் என்று தோன்றிவிட்டது. பிளைவுட் வாங்கி, பாட்டியின் பெயர், ஆலை, 1943 என்று நானே எழுதினேன். வாசல் கதவுக்கு. கோபம் இன்னும் போகவில்லை.

ஜூன் 5

திருகாணி எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆணி வேண்டாம். பசை தடவு. ஓரம் வரைக்கும். இறுக்கிப் பிடிச்சு ராத்திரி முழுக்க விடு."

கிளாம்பு போட்டாயிற்று. காலையில் எடுக்க வேண்டும்.